இருபது வருடக் கிளார்க்குக்கு இன்னொரு நான்கு வருடம் கொடுக்கலாமா?

போன தேர்தலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிகாகோவுக்குப் பக்கத்து லெமாண்ட் கோயிலில் தரிசனம் முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தேன். புதிதாக அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்த அக்கா ஒருவர் நிறுத்திக் கேட்டார். “தம்பி, அதிபருக்கு யாருக்குப் போடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். இந்தக் கோர்ட் கிளார்க்குக்கு எதுக்கு நம்மகிட்ட ஓட்டுக் கேக்கறாங்க? கிளார்க்குன்னா பரீட்சை எழுதித்தானே வேலைக்கு வருவாங்க?”

நியாயமான கேள்வி. நம் ஊர் முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தாரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. இல்லினாய் மாநிலத்தில் 102 கவுண்டிகளிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சர்க்யூட் கோர்ட், அதாவது வழக்குகளை முதலில் விசாரிக்கும் மாநில நீதிமன்றத்தின் கிளார்க் நான்கு வருடத்துக்கு ஒருமுறை மக்கள் ஓட்டில்தான் வருகிறார். அதிபர் தேர்தல் நடக்கும் அதே ஆண்டு, அதே வாக்குச்சீட்டு. பழகிய பெயராக இருந்தால் குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அக்காவுக்கு அன்று வாசலில் நின்றபடி நான் சொன்ன பதில் அரைகுறை. நெடுநாளாக நாற்காலியில் இருக்கும் கிளார்க் மறுபடி நிற்கும்போது அவரையே வைத்துக்கொள்வதா, புதியவரைக் கொண்டுவருவதா, இல்லை இந்தப் பதவிக்கு ஓட்டே வேண்டாம் என்பதா? இதை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில் கிளார்க் என்ற பெயரில் இரண்டு பதவிகள் உண்டு. பிறப்புச் சான்று, கல்யாண லைசென்ஸ், சிகாகோ நகருக்கு வெளியே தேர்தல் நடத்துவது எல்லாம் கவுண்டி கிளார்க்கின் வேலை. கோர்ட் கட்டுகளை வைத்துக் காப்பவர் சர்க்யூட் கோர்ட் கிளார்க். 2024 நவம்பரில் இரண்டு பதவிகளும் ஒரே சீட்டில் இருந்தன. கல்யாண லைசென்ஸ் வாங்கப்போன இடத்தில் பட்ட அனுபவத்தை வைத்து மற்றவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

சரி, இந்தக் கோர்ட் கிளார்க் என்ன செய்கிறார்? தீர்ப்பு சொல்வதில்லை. சட்டம் விளக்குவதில்லை. மனுவை வாங்குகிறார், நம்பர் போடுகிறார், ஃபீஸ் வசூலிக்கிறார், நீதிபதி போட்ட உத்தரவைப் பதிவேட்டில் ஏற்றுகிறார், கேட்டவருக்கு நகல் கொடுக்கிறார். கேட்கச் சின்ன வேலையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் மேல் இருந்த பிடிவாரண்ட்டை நீதிபதி காலையில் ரத்து செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரத்து கணினியில் ஏறவில்லை. சாயங்காலம் சிக்னலில் நிறுத்தும் போலீஸ்காரரின் திரையில் வாரண்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த மனிதர் பிள்ளைகள் கண்முன்னால் கைவிலங்கோடு போகவேண்டியதுதான். நீதிபதி மேலும் தவறில்லை, போலீஸ் மேலும் தவறில்லை. அடிக்கிற கணவரிடமிருந்து பாதுகாப்பு உத்தரவு வாங்கிய பெண்ணுக்கும் இதே கதைதான். உத்தரவின் நகல் அன்றைக்கே ஷெரிப் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான், அவர் அவசரத்துக்குப் போலீஸைக் கூப்பிடும்போது அந்தத் தாளுக்கு மதிப்பு. அப்புறம், கோர்ட் ஃபீஸ் கட்ட வசதியில்லாதவர் விலக்குக் கேட்டு மனுப் போடலாம் என்று இல்லினாய் உச்ச நீதிமன்ற விதி இருக்கிறது. அந்தப் படிவம் இருப்பதை கவுண்ட்டரில் இருப்பவர் எடுத்துச் சொல்கிறாரா இல்லையா என்பதில், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கில் மாட்டிய ஒரு குடும்பத்தின் கதி மாறிவிடும்.

இவ்வளவும் ஒரு கிளார்க்கின் அலுவலகத்தில் நடக்கிறது. குக் கவுண்டியின் ஜனத்தொகை சுமார் 52 லட்சம். நீதிபதிகள் மட்டும் சுமார் 400 பேர். சிகாகோ நகர மையத்திலுள்ள டேலி சென்டர், குற்ற வழக்குகளுக்கான இருபத்தாறாவது தெருக் கட்டடம், ஸ்கோக்கி, ரோலிங் மெடோஸ், மேவுட், பிரிட்ஜ்வியூ, மார்க்கம் என்று கவுண்டி முழுக்கக் கிளைகள். இப்போதைய வடிவம் 1964இல், அதுவரை சிதறிக் கிடந்த பல நீதிமன்றங்களை ஒன்றாக இணைத்தபோது வந்தது. இதே இல்லினாயின் தென்கோடியில் ஹார்டின், போப் என்ற கவுண்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்காயிரம் பேர்கூட இல்லை. அங்கேயும் ஒரு சர்க்யூட் கிளார்க் உண்டு. இரண்டுக்கும் ஒரே பதவிப் பெயர் என்பதால் ஒரே அளவுகோலால் அளந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

சின்னக் கவுண்டியில் பழைய கிளார்க்கை வைத்துக்கொள்ளவே நான் சாய்வேன். அங்கே கிளார்க்கே கவுண்ட்டரில் நிற்பார். எந்தக் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த நீதிபதி எந்தக் கிழமை வருவார், தாய் தந்தை இல்லாத பிள்ளையின் கார்டியன் வழக்கில் எந்தத் தாள் விட்டுப்போகும், எல்லாம் அவர் மனசில் இருக்கும். அவர் வீட்டுக்குப் போனால் அந்த அறிவும் கூடவே போய்விடும். இருபது வருட அனுபவத்துக்கு அந்த இடத்தில் நிஜமான விலை உண்டு.

பெரிய கவுண்டியில் கணக்கு வேறு. இதை எனக்கு உணர்த்தியது ஒரு சின்ன அனுபவம். பல வருடம் முன்பு, வேறொரு கவுண்டியில் வாங்கிய டிராஃபிக் டிக்கெட்டுக்குப் பணம் கட்டி முடித்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து லைசென்ஸ் முடக்கப்படும் என்று கடிதம் வந்தது. பணம் கட்டியது பதிவேட்டில் ஏறவே இல்லை. லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். முதல் கவுண்ட்டரில் இருந்த பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலிருந்து வயதான ஒரு அம்மா எழுந்து வந்தார், ரசீதைப் பார்த்தார், எங்கே தவறியிருக்கும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. பத்து நிமிடத்தில் சரிசெய்து கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்தார். வெளியே வந்தபோது சுவரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கிளார்க்கின் பெரிய படம் மாட்டியிருந்தது. அந்த அலுவலகத்தின் அனுபவம் என்பது அந்த அம்மாவிடம் இருந்தது. படத்தில் இருந்தவர் மாறினாலும் அந்த அம்மா அங்கேயேதான் இருப்பார். ஆயிரத்துக்கும் மேல் ஊழியர்கள் உள்ள அலுவலகத்தில் “அனுபவம் போய்விடும்” என்று வேட்பாளர் பயமுறுத்தினால் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் ஞாபகம் வருகிறது.

இப்போது குக் கவுண்டியின் கதைக்கு வருகிறேன். 1980களில் இங்கே கிளார்க்காக இருந்த மார்கன் ஃபின்லி லஞ்ச வழக்கில் 1989இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அவருக்கு அடுத்து 1988இல் ஜெயித்து வந்தவர் ஆரேலியா புசின்ஸ்கி. 12 வருடம் இருந்தார். 2000இல் டோரதி பிரவுன் வந்தார். கணக்குத் தணிக்கையாளர், வழக்கறிஞர், சிகாகோ போக்குவரத்துக் கழகத்தின் தலைமைத் தணிக்கையாளராக இருந்தவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். இருபது வருடம் நீடித்தார். நெடுநாள் கிளார்க் மறுபடி நின்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவருடைய 2016ஆம் ஆண்டுப் போட்டியைவிட நல்ல பாடம் இல்லை.

அப்போது அவருக்கு 16 வருடம் ஆகியிருந்தது. 2015 அக்டோபரில் மத்தியப் புலனாய்வாளர்கள் அவருடைய செல்போனைக் கைப்பற்றினார்கள். ஜனநாயகக் கட்சியின் கவுண்டிக் கிளை அவருக்குக் கொடுத்திருந்த ஆதரவைத் திரும்பப் பெற்று, சிகாகோ மாநகராட்சி உறுப்பினர் மிஷெல் ஹாரிஸுக்குக் கொடுத்தது. மூன்றாவதாக வழக்கறிஞர் ஜேக்கப் மைஸ்டர் நின்றார். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாதப் பிரைமரித் தேர்தலில் பிரவுனே ஜெயித்தார். எதிர்ப்பு ஓட்டு இரண்டாகப் பிரிந்தது ஒரு காரணம். அவர் மேல் கடைசி வரை குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் அந்தத் தேர்தலில் புலனாய்வை ஒதுக்கி வைத்துவிட்டு வேலையை மட்டும் பார்க்க முயன்றேன். பழைய வழக்குப் பதிவுகளை அழித்துப் புதுவாழ்வு தொடங்க வழிகாட்டும் முகாம்களை அவர் வருடாவருடம் நடத்தினார். வேலை கிடைக்காமல் அலைந்த பலருக்கு அது பெரிய உதவி. இன்னொரு பக்கம், கார்பன் வைத்துப் பிரதி எடுக்கும் உத்தரவுத் தாள்கள் 2010களிலும் டேலி சென்டரில் புழங்கின. சிவில் வழக்குகளை மின்னணு முறையில்தான் தாக்கல் செய்யவேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரி 1ஐக் கெடுவாக வைத்தபோது, குக் கவுண்டிக்கு ஜூலை 1 வரை நீட்டிப்பு தேவைப்பட்டது. இந்தப் பெரிய மாநகரத்துக்கு அந்த ஆறு மாதம் ஏன் வேண்டியிருந்தது? பதினாறு, பதினேழு வருடம் கையில் இருந்த ஒருவரிடம் அதைக் கேட்கத்தான் வேண்டும். நெடுநாள் இருந்தது சாதனை என்றால், நெடுநாள் தீராமல் கிடந்ததும் அவர் கணக்கில்தானே வரும்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. ஃபுளோரிடாவின் மயாமி-டேட் கவுண்டியில் ஹார்வி ருவின் 1992இல் கிளார்க்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2022 டிசம்பர் 31இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். முப்பது வருடம். காகிதக் கட்டுகளிலிருந்து கணினிக்கு அலுவலகத்தைக் கொண்டுபோவதில் ஆர்வமுள்ளவர் என்று பெயர் எடுத்தார். அங்கே கிளார்க் கோர்ட் ஆவணங்களோடு நிற்பதில்லை. சொத்துப் பத்திரங்களைப் பதிவு செய்வதும் அவர் அலுவலகம்தான். அப்படி ஒருவரை மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்ததில் மக்கள் ஏமாந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் போன பிறகு காலியிடத்தை நிரப்பியது மக்கள் இல்லை, ஆளுநர். 2023இல் ஆளுநர் நியமித்தவர் 2024 தேர்தலில் பதவியில் இருப்பவர் என்ற பலத்தோடு நின்று ஜெயித்தார். வயதான கிளார்க்குக்கு ஓட்டுப் போடும்போது, அவருக்கு அடுத்து யார் என்ற முடிவை வேறொருவர் கையில் கொடுக்கிறோம் என்பதும் அந்த ஓட்டுக்குள் இருக்கிறது.

அடுத்த வழி, புதியவர். 2020இல் பிரவுன் நிற்கவில்லை. நான்கு முனைப் பிரைமரியில், கட்சி ஆதரவு பெற்றவரைத் தோற்கடித்து மாநில செனட்டர் ஐரிஸ் மார்ட்டினெஸ் வந்தார். நான்கே வருடம். 2024 மார்ச்சில் கட்சி மறுபடி பதவியில் இருந்தவரைக் கைவிட்டு, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நீர் மீட்பு மாவட்டம் என்ற அமைப்பின் ஆணையர் மரியானா ஸ்பைரோபௌலஸை ஆதரித்தது. அவர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 16 வருடம் இருந்தவர் கட்சி எதிர்த்தும் தப்பினார், 4 வருடம் இருந்தவர் வீழ்ந்தார். வருடக் கணக்கைவிடப் பெயர் எவ்வளவு பழகியிருக்கிறது, எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள், யாரிடம் பணம் இருக்கிறது என்பவை அதிகம் பேசியிருக்கின்றன. கட்சிக்கு இந்தப் பதவியில் ஏன் இவ்வளவு அக்கறை என்று யோசித்தால் விடை அந்த ஆயிரத்துச் சொச்சம் வேலைகளில் இருக்கிறது. சிகாகோவில் கட்சிக்காரர்களுக்கு அரசு வேலை கொடுக்கும் பழக்கத்தை எதிர்த்து 1969இல் தொடுத்த ஷாக்மேன் வழக்கு பல பத்தாண்டுகள் நீண்டது. ஆகவே கட்சி யாரை ஆதரிக்கிறது என்பதை நான் ஒரு தகவலாக எடுத்துக்கொள்வேன், சிபாரிசாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

புதியவர் ஒருவரால் நல்லது நடக்காதா என்றால், நடக்கும். ஒஹாயோவின் சின்சினாட்டி அடங்கிய ஹாமில்டன் கவுண்டியில் 2016இல் அஃப்தாப் பியூர்வால், பதவியில் இருந்தவரைத் தோற்கடித்துக் கோர்ட் கிளார்க் ஆனார். பஞ்சாபி அப்பா, திபெத்திய அம்மா. நூறு வருடத்துக்கு மேல் அவர் கட்சிக்கு அங்கே கிட்டாத நாற்காலி அது. ஆனால் 2018இல் அவர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார், 2021இல் சின்சினாட்டி மேயராக ஜெயித்துப் போய்விட்டார். நம் ஆட்கள் போலத் தோற்றமுள்ள ஒருவர் ஜெயித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். இருந்தாலும் இளம் வேட்பாளரிடம் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடமுடியாது: நான்கு வருடமும் இந்த நாற்காலியில் இருப்பீர்களா? பழையவர்களும் இதில் விதிவிலக்கு இல்லை. பிரவுன் கிளார்க்காக இருந்துகொண்டே 2007இல் சிகாகோ மேயர் பதவிக்கு நின்றார்.

இருவருக்கு நடுவே ஒரு வழியைப் பக்கத்து மாநிலம் வைத்திருக்கிறது. குக் கவுண்டியின் எல்லையைத் தாண்டினால் இண்டியானாவின் லேக் கவுண்டி. அந்த மாநில அரசியல் சட்டப்படி சர்க்யூட் கோர்ட் கிளார்க் பன்னிரண்டு வருடக் காலத்தில் எட்டு வருடத்துக்கு மேல் அந்தப் பதவியில் இருக்க முடியாது. யாரும் இருபது வருடம் உட்கார முடியாது என்பது நல்லதுதான். ஆனால் நன்றாக வேலை செய்பவரையும் அது அனுப்பிவிடும். எட்டு வருடம் முடிந்தவர் கவுண்டியின் இன்னொரு பதவிக்கு நிற்பதும் உண்டு. எனக்கு இதில் பெரிய பிடிப்பு இல்லை.

ஓட்டே வேண்டாம் என்ற வழியைப் பற்றி இன்னும் அதிகம் யோசித்திருக்கிறேன். பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் அடங்கிய அலெகனி கவுண்டியில் 2005இல் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கோர்ட் கிளார்க் பதவிகளை ஒழித்தார்கள். இப்போது நியமிக்கப்பட்ட இயக்குநரின் கீழ் ஒரு துறையாக நடக்கிறது. ஒஹாயோவின் கிளீவ்லாந்து அடங்கிய கயஹோகா கவுண்டி 2009இல் அதே மாதிரி முடிவெடுத்தது. டேலி சென்டரிலிருந்து நான்கைந்து தெரு தள்ளி இருக்கும் டர்க்ஸன் கட்டடத்தில், மத்திய நீதிமன்றத்தின் கிளார்க்கை நீதிபதிகள்தான் நியமிக்கிறார்கள். அங்கே கிளார்க்கின் படத்தை மாட்டவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இல்லினாயில் இதற்கு அரசியல் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது. சர்க்யூட் கிளார்க்கைத் தேர்தலில் கொண்டுவரலாம், அல்லது நீதிபதிகள் நியமிக்கலாம், எது என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்யட்டும் என்றுதான் 1970ஆம் ஆண்டு அரசியல் சட்டம் சொல்கிறது. பதவியை ஒழிப்பது இங்கே புதிதும் இல்லை. சொத்துப் பத்திரப் பதிவாளர் என்ற தேர்தல் பதவியை குக் கவுண்டி மக்கள் 2016இல் ஓட்டுப் போட்டு ஒழித்தார்கள். 2020 டிசம்பரில் அது கவுண்டி கிளார்க் அலுவலகத்தோடு சேர்ந்தது.

ஆனாலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நீதிபதிகளே நியமித்தால், நீதிபதி தாமதித்த வழக்குகளின் கணக்கை வைத்திருப்பவர் அந்த நீதிபதிகளின் தயவில் இருப்பவர் ஆகிவிடுவார். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு அந்தப் பயம் குறைவு. அதோடு, நம் கையில் இருக்கும் ஒரே பிடியையும் விட்டுவிடுகிறோம். இல்லினாயில் தகவல் அறியும் சட்டம் சர்க்யூட் கிளார்க் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது. அது நீதித்துறையின் பகுதி என்று கோர்ட்டுகள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. உங்கள் ஊர் நூலகத்திடம்கூட மனுப் போட்டுச் செலவுக் கணக்கைக் கேட்கலாம். ஆயிரத்துக்கும் மேல் ஊழியர்கள் உள்ள இந்த அலுவலகத்திடம் அப்படி உரிமையோடு கேட்கமுடியாது. இதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம். அனுபவத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பவர், அந்த அனுபவம் என்ன விளைவித்தது என்ற கணக்கைத் தான் விரும்பினால் மட்டும் காட்டலாம் என்ற நிலையில் இருக்கிறார். நீதிபதி வேட்பாளர்களையாவது வழக்கறிஞர் சங்கங்கள் மதிப்பிட்டுப் பட்டியல் போடுகின்றன. கிளார்க்குக்கு அப்படி எதுவும் பெரும்பாலும் நம் கைக்கு வருவதில்லை.

அதனால் நான் பார்ப்பது பதவியில் இருப்பவரின் கடைசி நான்கு வருடத்தை மட்டும்தான். அதற்கு முன்னால் நடந்ததற்கு அவருக்கு ஏற்கெனவே ஓட்டுப் போட்டாகிவிட்டது. இந்த நான்கு வருடத்தில் சட்டம் மாறியபோது அலுவலகமும் மாறியதா? 2023 செப்டம்பர் 18 முதல் இல்லினாயில் ரொக்க ஜாமீன் அடியோடு ஒழிந்தது. அதுவரை ஜாமீன் பணத்தை எண்ணி வாங்கி ரசீது கொடுத்தது கிளார்க்கின் கவுண்ட்டர். பல பத்தாண்டுகளாகச் செய்த வேலை ஒரே நாளில் இல்லாமல் போனது. அந்த ஆட்களை எங்கே மாற்றினார், முன்பு கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க வந்தவர்களை எவ்வளவு அலையவிட்டார் என்று கேட்டால் தெரிந்துவிடும். தகவல் சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் தானாகவே கணக்கை வெளியிடுகிறாரா? வக்கீல் இல்லாமல் வருபவருக்கு ஃபீஸ் விலக்குப் படிவம் கண்ணில் படும்படி இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு யாரையும் விசாரிக்க வேண்டாம். வேலை நாளில் ஒரு மணி நேரம் ஸ்கோக்கியிலோ மேவுட்டிலோ போய் உட்கார்ந்தால் போதும்.

புதியவரிடமும் இதே கேள்விகளைத்தான் கேட்பேன், கூடவே ஒன்று. “அலுவலகத்தை நவீனமாக்குவேன்” என்பதை ஒதுக்கிவிட்டு, ரத்தான வாரண்ட் எத்தனை மணி நேரத்தில் போலீஸ் திரையிலிருந்து மறையும் என்று கேட்பேன். அதற்கு ஒரு எண்ணைச் சொல்லி, அந்த எண்ணை மாதாமாதம் வெளியிடுவேன் என்று சொல்பவர், செனட்டராக இருந்தாலும் ஆணையராக இருந்தாலும், என் ஓட்டுக்கு உரியவர். இரண்டு பேரும் சொல்லாவிட்டால், சின்னக் கவுண்டியில் பழையவருக்கும், குக் மாதிரிப் பெரிய கவுண்டியில் இரண்டு தவணைக்கு மேல் ஆகிவிட்டால் புதியவருக்கும் போடுவேன். நியமன முறைக்கு ஆதரவு தருவதற்கு முன்னால், தகவல் சட்டத்தை இந்த அலுவலகத்துக்கும் நீட்டட்டும் என்று சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுவேன். 2016இல் நான் பிரவுனுக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டேன். அந்தப் பதிவழிப்பு முகாம்களை நினைத்து அன்றைக்கு மனசு கொஞ்சம் உறுத்தியதும் உண்மை.

அக்காவுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. குக் கவுண்டியில் இந்தப் பதவி நவம்பரில் முடிவாவதில்லை. ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் ஜெயித்தவர்தான் கிட்டத்தட்ட எப்போதும் கிளார்க் ஆகிறார். 2016, 2020, 2024 மூன்று தடவையும் நிஜமான போட்டி மார்ச்சில் நடந்தது. அடுத்த பிரைமரி 2028 மார்ச்சில் வரும். அங்கே ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கி ஓட்டுப் போட முன்கூட்டியே கட்சியில் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. நவம்பர் வரை காத்திருந்தால், அக்கா, நீங்கள் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.